வரிசையை நிறுத்தும் உரிமை



1950இல் ஜப்பானின் எய்ஜி டொயோடா அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையைப் பார்வையிட்டார். போரில் நலிந்த நாட்டில் அதை அப்படியே பின்பற்ற முதலுமில்லை, சந்தையுமில்லை. ஆகவே, டொயோட்டா நிறுவனத்தார் அம்முறையைத் தம் நிலைக்கேற்ப மாற்றினர். தேவையான பொருளைத் தேவையான அளவே செய்தனர். பழுது கண்ட தொழிலாளியே உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்றனர். அவ்வாண்டே அமெரிக்கரான டெமிங் அங்கே தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்தார். அவர் பெயரால் ஜப்பானியர் வழங்கும் பரிசை, 1998இல் நம் அம்பத்தூரை அடுத்த பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு வென்றது.

உழைப்பை வாங்கிக்கொண்டு கருத்தைக் கேளாத வழக்கம் நமக்குப் புதிதன்று. தலைமுறைதோறும் அதையே கண்டோம். எனவே ஆலை வாயிலில் உடல் வலிமையை மட்டும் நம்பி நில்லாதிருப்போம். அளவியும் வரைபடமும் பயில்வோம். பழுதைச் சுட்டி, வரிசையை நிறுத்தும் அறிவும் துணிவும் பெறுவோம். நம் சங்கம் நாடும் கல்வி அதுவே.