சட்டியில் ஓட்டை இருந்தால்?

(தலைப்பு: குடும்பம் உயரப் பெரிதும் துணை நிற்பது கூடுதல் வருமானமா? சிக்கனமான பழக்கமா?)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! 'வருமானம், வருமானம்' என்று மூச்சு விடாமல் பேசி முடித்த எதிரணி நண்பர்களே! தொலைக்காட்சிக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். "சட்டியில இருந்தாத்தானே ஐயா அகப்பையில வரும்? சம்பாதிச்சாத்தானே மிச்சம் பிடிக்க முடியும்?" நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். சட்டியில ஓட்டை இருந்தா? எவ்வளவு ஊத்தினாலும் அகப்பையில என்னம்மா வரும்? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. வருகிற வழி சிறிதாக இருந்தாலும் கேடில்லை, போகிற வழி அகலமாகாமல் இருந்தால் போதும் என்கிறார் அவர். இது எல்லாருக்கும் தெரிந்த கருத்து. ஆனால் இந்தக் குறளை அவர் எங்கே வைத்தார் என்று பாருங்கள். 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே வைக்கவில்லை. வறுமையைப் பேசுகிற 'நல்குரவு' இருக்கிறது. அங்கேயும் வைக்கவில்லை. 48-ஆவது அதிகாரமான 'வலியறிதல்' பகுதியில் வைத்தார். மன்னன் ஒருவன் பகை மேல் போவதற்கு முன்னால் தன் பலம் என்ன, மாற்றான் பலம் என்ன என்று எடை போடுகிற இடம் அது. அங்கே கொண்டுபோய் வரவு செலவை வைக்கிறார்! செலவைக் கட்டுக்குள் வைக்கத் தெரிவது வலிமை என்று அவர் கருதியிருக்கிறார். எதிரணி நண்பர்கள் அதை ஏழையின் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! (கைதட்டல்)

நான் குடியிருப்பது கோவிலம்பாக்கம். கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். வயலும் கிணறுமாக இருந்த பூமி, இன்றைக்கு அடுக்குமாடி. கோடை வந்தால் தண்ணீர் லாரி. லாரிச் சத்தம் கேட்டால் போதும், சாமி ஊர்வலம் வந்தது மாதிரி அத்தனை பேரும் பால்கனிக்கு வந்துவிடுவார்கள். கும்பிடாததுதான் பாக்கி! (சிரிப்பு)

2019-ஆம் ஆண்டு கோடையை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. கையில் காசை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர்! வருமானம் இருந்தது ஐயா, தண்ணி இல்லையே! அன்றைக்குக் காப்பாற்றியது எது? அரிசி கழுவின தண்ணியைச் செடிக்கு ஊற்றுகிற பழக்கம். துணி அலசின தண்ணியைக் கழிப்பறைக்கு வைக்கிற பழக்கம். குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. சுமார் 4 லிட்டர். மாதத்துக்கு 120 லிட்டருக்கு மேல். வாஷர் மாற்ற எவ்வளவு ஆகும்? "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறோமே, அந்த 'அப்புறம்'தான் வீட்டிலேயே அதிகச் செலவு வைக்கிற ஆள்! (சிரிப்பு, கைதட்டல்)

மின்சாரக் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமா விலை ஏறுகிறது? கீழே இருக்கிற சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஏறுகிறது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு மாட்டுங்கள். தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் மிச்சம். ஒரே ஒரு பல்புக்கு! இதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டாம், பதவி உயர்வு வேண்டாம். ஒரு நாற்காலி போட்டு ஏறினால் போதும்! (சிரிப்பு)

எதிரணி நண்பர் சொன்னார், "சிக்கனம் என்பது கஞ்சத்தனத்துக்கு வைத்த செல்லப் பெயர்" என்று. இல்லை ஐயா. குழந்தைக்குப் பாலைக் குறைப்பது சிக்கனம் இல்லை. பெரியவர்களுக்கு மாத்திரையைக் குறைப்பது சிக்கனம் இல்லை. வீட்டில் எல்லாரும் சுடச்சுடச் சாப்பிட, அம்மா மட்டும் மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக் காசு சேர்க்கிறாளே, அதுவும் சிக்கனம் இல்லை! அது அந்தத் தாய்க்கு நாம் பட்டிருக்கிற கடன். (பலத்த கைதட்டல்) சிக்கனம் என்றால் அப்பாவின் சிகரெட்டில் தொடங்க வேண்டும். பிள்ளையின் செல்போன் ஆசையில் தொடங்க வேண்டும். அம்மாவின் தட்டில் தொடங்கக் கூடாது.

அந்த அம்மாக்களின் பெருமையை நாடே பார்த்தது. 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் அரிசி டப்பாவிலிருந்து ஒன்று, புடவை மடிப்பிலிருந்து ஒன்று, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று! "ஏண்டி, இது எப்போ சேத்தே?"ன்னு கேட்ட கணவன்மார்கள் எத்தனை பேர்! (சிரிப்பு) ஆனால் தாய்மார்களே, ஒரு வார்த்தை. டப்பாவில் தூங்குகிற பணம் வளராது. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலேயே தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். இரண்டு பேர் குடிக்கிற கடைக் காப்பியைக் குறைத்து மாதம் 1,000 ரூபாய் போடுங்கள். 6.7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டியது 60,000. கைக்கு வருவது 71,000-க்கு மேல். அதிக வட்டி என்று ஆசை காட்டுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அப்படிப் பணத்தைத் தொலைத்தவர்கள் கண்ணீரைப் பார்த்துத்தான் 1997-இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

நிறைவாக ஒன்று, நடுவர் அவர்களே. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கடை மூடியது, கம்பெனி மூடியது, ஆட்டோ நின்றது. நேற்று வரை இருந்த வருமானம் ஒரே ராத்திரியில் நின்றுபோனது. எதிரணி நண்பர்களே, நீங்கள் கொண்டாடுகிற அந்த வருமானம் அன்றைக்கு எங்கே போனது? மூன்று மாதச் செலவுக்கு ஒதுக்கி வைத்திருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வந்ததையெல்லாம் செலவழித்த வீட்டில் கடன்காரன் குரல் கேட்டது. வருமானம் அடுத்தவன் கையில் இருக்கிறது. முதலாளி கொடுத்தால் உண்டு, காலம் கொடுத்தால் உண்டு. பழக்கம் நம் கையில் இருக்கிறது. அதை எந்த ஊரடங்கும் பூட்ட முடியாது!

ஆகவே, குடும்பம் உயரப் பெரிதும் துணை நிற்பது சிக்கனமான பழக்கமே, சிக்கனமான பழக்கமே என்று நல்ல தீர்ப்பை வழங்க வேண்டும் என நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, நேரத்தையும் சிக்கனமாகவே முடித்து (சிரிப்பு), அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)