மெஷின் ஏன் பிழிய மறுக்கிறது?



ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாஷிங் மெஷின் ஒரு வீட்டுக்குச் செய்யும் பேருதவி, துணியைத் துவைப்பதைவிடப் பிழிந்து கொடுப்பதுதான். துவைக்கக் கை இருக்கிறது, கல் இருக்கிறது. நாலு ஜீன்ஸையும் இரண்டு போர்வையையும் முறுக்கிப் பிழிந்து, வெயிலே இல்லாத நாளில் காயவைக்க எந்தக் கையாலும் ஆகாது. அப்படிப்பட்ட ஒரு நாளில் மூடியைத் திறந்தால் துணியெல்லாம் தொப்பலாக ஊறிக் கிடக்கும். துவைத்தது சரி, அலசியதும் சரி, பிழியவே இல்லை.

உடனே வீட்டில் எழும் பேச்சு, "மோட்டார் போச்சு" என்பதுதான். அடுத்தது, "பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்சில் மாத்திடலாம்" என்ற யோசனை. அந்த முடிவுக்குப் போகும் முன் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பிழியாத மெஷின்கள் எல்லாம் கெட்டுப்போனவை அல்ல. பல நேரம் அது வேண்டுமென்றே சுற்றாமல் நிற்கிறது. சுற்றினால் ஆபத்து என்று தெரிந்து நிற்கிறது. எதற்காக நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதிப் பழுது அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று பாருங்கள். மேலே மூடி உள்ள டாப் லோடு மெஷின் பிழியும்போது நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் ஒரு கிலோ ஈரத்துணி, டப்பின் சுவரை 100 கிலோவுக்கும் மேலான எடை போல அழுத்தும். முன்பக்கக் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடு மெஷின் 1,000 சுற்றைத் தாண்டும்போது அந்த அழுத்தம் 200 கிலோவுக்கும் மேல் போகும். இப்படிப்பட்ட வேகத்துக்குப் போகும் முன் மெஷின் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளும்: தண்ணீர் வெளியேறிவிட்டதா, துணி நாலா பக்கமும் சமமாகப் பரவியிருக்கிறதா, மூடி சரியாக மூடியிருக்கிறதா. மூன்றில் ஒன்று தவறினாலும் அது பிழியாது. நாமும் அதே வரிசையில் பார்ப்போம்.

முதலில் தண்ணீர். டப்புக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் பிழியும் வேலை தொடங்காது. ஃப்ரண்ட் லோடு மெஷினின் முன்பக்கம், கீழ்மூலையில் பெரும்பாலும் ஒரு சின்னக் கதவு இருக்கும். வருஷக்கணக்கில் அதைத் திறந்தே பார்க்காத வீடுகள் உண்டு. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள். கதவுக்குள் ஒரு சிறிய ரப்பர் குழாய் இருந்தால், ஒரு தட்டையான பாத்திரத்தை வைத்து, அதன் மூடியை எடுத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். பாத்திரம் நிறைய நிறைய மூடி, ஊற்றி, மறுபடி வையுங்கள். பிறகு கதவுக்குள் இருக்கும் ஃபில்டரின் குமிழை மெதுவாக இடப்பக்கமாகத் திருகி இழுங்கள். சோப்புக் கசடு படிந்து கொழகொழவென்று வரும். அதில் ஒரு ஹேர்பின், ஒரு ரூபாய் நாணயம், சட்டைப் பித்தான், தலைமுடிச் சுருள், பையில் மறந்து வைத்த பஸ் டிக்கெட்டின் கூழ் என்று என்னென்னவோ சுற்றியிருக்கும். ஃபில்டர் இருந்த துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் சின்ன விசிறி தெரியும். அது விரலுக்குக் கொஞ்சம் தத்தித் தத்தித் திரும்பினால் சரி. திரும்பாமல் நின்றால் நூலோ பின்னோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி, ஃபில்டரை இறுக்கமாகப் போடுங்கள்.

டாப் லோடு மெஷினில் விஷயம் வேறு. நம் வீடுகளில் உள்ள டாப் லோடு பலவற்றில் தண்ணீரைத் தள்ளும் பம்ப் கிடையாது. தண்ணீர் தானாகவே பள்ளத்தை நோக்கி ஓட வேண்டும். அதனால் வெளியேற்றும் குழாய் தரையோடு தாழ்வாக இருக்க வேண்டும். உயரமான திட்டின் மேல் ஏற்றி வைத்தாலும், சுவரோடு நசுங்கினாலும், குழாயின் நுனி வாளித் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் வடிவது நின்றுபோகும். குழாயெல்லாம் சரி, ஆனாலும் தண்ணீர் வடியவில்லை, பிழியவும் இல்லை என்றால் மெக்கானிக்குகள் முதலில் சந்தேகப்படுவது டிரெய்ன் மோட்டாரை. இது துணியைச் சுற்றும் பெரிய மோட்டார் அல்ல, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இது ஒரு கம்பியை இழுத்தால் வடிகால் வால்வு திறக்கும். அதே இழுப்பில் கிளட்சும் துவைக்கும் நிலையிலிருந்து பிழியும் நிலைக்கு மாறும். இந்தச் சின்ன மோட்டார் ஒன்று செத்தால் இரண்டு வேலையும் சேர்ந்து நிற்கும். பெரிய மோட்டார் போய்விட்டது என்று நினைத்துப் பலர் மெஷினையே மாற்றுவது இந்த இடத்தில்தான்.

தண்ணீரோடு சேர்த்து நுரையையும் சொல்ல வேண்டும். கையால் துவைக்கும் பவுடரை மெஷினில் அள்ளிப் போட்டால் நுரை பொங்கும். நுரையைப் பம்பால் தள்ள முடியாது. வெளி டப்புக்கும் உள்ளே சுற்றும் டிரம்முக்கும் நடுவே நுரை அடைத்துக்கொண்டால் சுற்றும் வேகமும் ஏறாது. மெஷினுக்கான பவுடரை, அட்டையில் சொன்ன அளவுக்கு மட்டும் போடுங்கள். இன்னொன்று, தண்ணீர் மட்டத்தை அறிய டப்பிலிருந்து மேலே சென்சாருக்கு ஒரு மெல்லிய காற்றுக் குழாய் போகும். அதில் கசடு அடைத்தால், டப் காலியாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் இருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும். இதைச் சுத்தம் செய்வதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆனால் இப்படி ஒரு குழாய் இருப்பதை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, துணியின் எடை. ஒரே ஒரு மிதியடியையோ ஒற்றைப் போர்வையையோ போட்டால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பெட்ஷீட்டும் தலையணை உறையும் மற்ற துணிகளைத் தமக்குள் இழுத்துச் சுருட்டிப் பந்தாக்கிவிடும். மெஷின் இரண்டு மூன்று முறை மெதுவாகச் சுற்றி, திரும்ப நின்று, துணியைப் பரப்பப் பார்க்கும். சில மெஷின்கள் மறுபடி தண்ணீர் பிடித்துக் கலைத்துவிடவும் பார்க்கும். முடியாவிட்டால் நின்று, திரையில் ஓர் எழுத்துக் குறியைக் காட்டும். பல மெஷின்களில் 'யு.இ.' என்று வந்தால் துணி சமமாக இல்லை என்று பொருள். உங்கள் மெஷினின் குறிகள் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மருந்து எளிது: நிறுத்தி, துணியை உதறிப் பிரித்து, வட்டமாகப் பரப்பி, பிழியும் வேலையை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

மழைக்கோட்டு, ரப்பர் விரிப்பு, தண்ணீர் புகாத மெத்தை உறை ஆகியவற்றை மட்டும் மெஷினில் பிழியவே பிழியாதீர்கள். அவை தண்ணீரைப் பை மாதிரி கட்டி வைத்திருக்கும். சுற்றும் வேகத்தில் அந்தப் பை திடீரென ஒரு பக்கம் சாய்ந்தால் மெஷினே துள்ளிக் குதிக்கும், உடைந்தும் போகும்.

மெஷின் நிற்கும் தரையையும் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் கை வைத்து அழுத்துங்கள். ஆட்டம் கண்டால், கீழே உள்ள திருகுக் காலை ஏற்றி இறக்கிச் சமன் செய்யுங்கள். அட்டையை மடித்துச் சொருகுவது நாலு துவையலுக்குத்தான் தாங்கும். வீடு மாறியவர்களும் புதிதாக ஃப்ரண்ட் லோடு வாங்கியவர்களும் பின்பக்கத்தில் உள்ள பெரிய போல்ட்டுகளைக் கழற்றியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வண்டியில் வரும்போது டிரம் ஆடாதிருக்கப் போட்டவை அவை. அவற்றோடு ஓட்டினால் வீடே அதிரும்.

மூன்றாவது, மூடி. மூடி மூடியிருப்பதை மெஷினுக்குச் சொல்ல ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மூடியை மெதுவாக மூடும்போது 'டிக்' என்ற ஓசை வழக்கம்போல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கதவின் ரப்பர் விளிம்பில் துணி நுனி சிக்கியிருந்தாலும் பூட்டு விழாது. இங்கே ஒரு வேண்டுகோள். ஸ்விட்ச் பழுதானால், "இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிடுகிறேன், மூடி திறந்திருந்தாலும் ஓடும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த ஸ்விட்ச் இருப்பது, சுற்றும் டப்புக்குள் குழந்தையின் கை போகாமல் இருக்கத்தான். புது ஸ்விட்ச்சே போடச் சொல்லுங்கள்.

துவைக்க ஒரு டப், பிழிய ஒரு டப் என்று இரண்டு டப் வைத்த செமி ஆட்டோமேட்டிக் மெஷின் இன்னும் ஏராளமான வீடுகளில் உழைக்கிறது. அதில் பிழிவதற்குத் தனி மோட்டாரே உண்டு. துணியின் மேல் அமுக்கி வைக்கும் பிளாஸ்டிக் தட்டைப் போடாவிட்டால், ஒரு கைக்குட்டையோ குழந்தையின் சாக்ஸோ எகிறி, டப்புக்கு வெளியே விழுந்து, அடியில் தண்டைச் சுற்றிக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, டப்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றாமல் இழுத்துப் பிடித்தால், துணி சிக்கியிருக்க வேண்டும் அல்லது பிரேக் விடுபடவில்லை. இந்த மெஷினில் மூடியைத் திறந்ததும் பிரேக் பிடிக்கும், மூடியதும் விடும். இதை இழுக்கும் பிரேக் வயர் தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ, மூடிய பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். அதனால் கையால் சுற்றிப் பார்க்கும்போது மூடி ஸ்விட்ச் இருக்கும் இடத்தை அழுத்தி, பிரேக் விடுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றும் சரி, ஆனாலும் பிழியவில்லை. இப்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். துணி எதுவும் போடாமல், பிழியும் வேலையை மட்டும் ஓட்டிக் கேளுங்கள்.

'ம்ம்ம்' என்று முனகல் வருகிறது, டப் திரும்பவில்லை என்றால், மோட்டார் புறப்பட முயன்று முடியாமல் நிற்கிறது. உடனே நிறுத்துங்கள், விட்டால் சூடேறி நிஜமாகவே கருகிவிடும். சுற்றவிடாமல் எதுவும் சிக்கியிருக்கவில்லை என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் பலம் இழந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் கண்டென்சர் என்றும் கேட்பார்கள். மோட்டாரோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. பழையதில் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட் அளவும் புதியதிலும் இருக்க வேண்டும்.

மோட்டார் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, டப் மட்டும் சோம்பலாக நகர்கிறது, ரப்பர் தீய்ந்த வாடை வருகிறது என்றால், பெல்ட் தேய்ந்து வழுக்குகிறது. காலியாக நன்றாகச் சுற்றி, துணி போட்டதும் திணறுவதும் இதன் அடையாளம். செமி ஆட்டோமேட்டிக்கில் பிழியும் மோட்டாருக்குப் பெல்ட் கிடையாது. அங்கே மோட்டாரையும் டப்பையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருக்கும்.

எந்தச் சத்தமும் இல்லை என்றால் கரண்ட் போய்ச் சேரவில்லை. பால்கனியில் நிற்கும் மெஷின் என்றால் அடியில் புகுந்த எலி வயரைக் கடித்திருக்கலாம். அடிப்பாகத்துக்கு எலி வலை போட்டு வைப்பது வீண் செலவல்ல. பழைய ஃப்ரண்ட் லோடுகள் பலவற்றில் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தும் இப்படி ஆகும். இன்வெர்ட்டர் மோட்டாருக்குப் பிரஷ் கிடையாது. 'தடதட'வென்று டப் உடம்பில் மோதினால், அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடோ ஷாக் அப்சார்பரோ தளர்ந்திருக்கிறது. வேகம் ஏற ஏற இரைச்சல் பெருகினால் பேரிங். பேரிங் இரைச்சலைத் தள்ளிப்போடாதீர்கள், அது பக்கத்துப் பாகங்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நீங்கள் கை வைக்கும் எல்லை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர், குழாய், துணி, கால், மூடி, இவை உங்கள் வேலை. பின்தகட்டைத் திருகித் திறப்பது பழகியவரின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருந்து அடிக்கும். ஈரத் தரையில், எர்த் இல்லாத பிளக்கில் மெஷினை ஓட்டவே கூடாது.

மெக்கானிக் வந்ததும், "ஓடலை, பாருங்க தம்பி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தண்ணி வடியுது தம்பி, காலியா ஓட்டினா சுத்துது, துணி போட்டா முனகுது" என்று சொல்லுங்கள். அவர் நேராகப் பழுது உள்ள இடத்துக்கே போவார். போர்டு போய்விட்டது, மோட்டார் போய்விட்டது என்றால், வேறென்ன சோதித்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், ரசீதும் வாங்குங்கள். வாரண்டி இருந்தும் கம்பெனி தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஒரு வாஷிங் மெஷினில் எத்தனையோ கிலோ இரும்பும் செம்பும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. உள்ளங்கை அளவுப் பாகம் ஒன்று நின்றுபோனதற்காக அத்தனையையும் பழைய இரும்புக்குப் போடுவது நம் காசுக்கும் நல்லதல்ல, மண்ணுக்கும் நல்லதல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னக் கதவைத் திறந்து ஃபில்டரைக் கழுவுங்கள். வெளியேற்றும் குழாயை ஒரு முறை தடவிப் பாருங்கள். எப்போது செய்தோம் என்று காலண்டரில் குறித்துவிட்டு, மாதம் ஒரு முறை அதையே செய்யுங்கள்.