கலப்பின மீனில் தோன்றும் புற்று

கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் பிளாட்டி மீனையும் வாள்வால் மீனையும் நேயர்களிற் பலர் கண்டிருப்பர். ஆண் மீனின் வாலடி வாள்போல் நீண்டிருத்தலால் பின்னதற்கு அப்பெயர் வாய்த்தது. மெக்சிக்கோவையும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளையும் தாயகமாகக் கொண்ட இவை வெவ்வேறு இனங்கள். எனினும், ஒரே தொட்டியில் விட்டால் இவை கூடிக் குஞ்சு ஈனும். அக்குஞ்சுகளும் இனம் பெருக்க வல்லன. அவ்வாறாயின் இக்கலப்பினால் விளையும் கேடு யாது?

அதற்கு விடை 1920களின் பிற்பகுதியிலே கிடைத்தது. அமெரிக்காவில் மைரன் கோர்டனும், ஜேர்மனியில் குர்ட் கொஸ்விக், கேயோர்க் ஹொய்ஸ்லர் ஆகியோரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே செய்தியைக் கண்டனர். (கொஸ்விக் 1937 இல் நாசி ஆட்சியை நீங்கி இஸ்தான்புல் சென்று, அங்கும் மீன்களை விட்டாரல்லர்.) சில பிளாட்டி மீன்களின் உடலிற் சிறு கரும்புள்ளிகள் உள. அவை தீங்கற்றவை. அத்தகைய மீனை வாள்வால் மீனோடு கலந்தபோது, முதற் தலைமுறையிற் புள்ளிகள் பரந்து தடித்தன. அத்தலைமுறையை மீண்டும் தூய வாள்வால் மீனோடு சேர்த்தபோதோ, குஞ்சுகள் சிலவற்றில் அவை கரிய கட்டிகளாகப் பெருகித் தசையை ஊடுருவி, மீனையே மாய்த்தன. மனிதரின் தோலில் வரும் மெலனோமா என்னும் கொடிய புற்றை அது ஒத்திருந்தது. ஈன்றவை நோயற்றவை, தொற்றும் இல்லை, நஞ்சும் இல்லை.

எண்ணிக்கையே வழி காட்டிற்று. இரண்டாங் கலப்பிற் பிறந்தவற்றுட் பாதி கட்டியின்றி வாழ்ந்தன. காற்பங்கு தீங்கற்ற கருமையோடு நின்றன. எஞ்சிய காற்பங்கைப் புற்று பற்றியது. மெண்டலின் விதிகளைப் பயின்றோர்க்கு இதன் பொருள் விளங்கும். இரண்டு பரம்பரையலகுகள் வெவ்வேறு நிறமூர்த்தங்களில் இருந்து தனித்தனியே பிரிகின்றன. ஒன்று கரு நிறக் கலங்களைப் பெருகத் தூண்டுவது; மற்றது அத்தூண்டலை அடக்குவது. பிளாட்டிக்கு இரண்டும் உண்டு. வாள்வால் மீனுக்கு இரண்டும் இல்லை. தூண்டுவதை மாத்திரம் பெற்று, அடக்குவதைப் பெறாத குஞ்சே இறக்கிறது. விளக்கு ஒரு வீட்டிலும் அதன் ஆளி மற்றொரு வீட்டிலும் போய்ச் சேர்ந்த கதை இது.

தூண்டும் அலகு 1989 இல் இனங்காணப்பட்டது. எக்ஸ்எம்ஆர்கே என்பது அதன் பெயர். எல்லா மீன்களிலும் உள்ள சாதாரண அலகொன்று முற்காலத்தில் இரட்டித்தமையால் உண்டான பிரதி அது. அப்பிரதியின் முன்னே, அது எங்கே, எவ்வளவு தொழிற்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதி மாறிவிட்டது. அது ஆக்கும் புரதமோ வெளியிலிருந்து ஏவல் வராமலே கலத்தைப் பெருகச் சொல்கிறது. தூய பிளாட்டியில் இவ்வலகு மிகச் சிறிதளவே தொழிற்படுகின்றது. புற்றுற்ற கலப்பினத்திலோ வரம்பின்றித் தொழிற்படுகின்றது. அலகு இருப்பது வேறு, அது இயங்கும் அளவு வேறு என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. அடக்கும் அலகு எது என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமனப்படவில்லை.

பிரிந்து வாழும் இரு இனங்களுள் ஒவ்வொன்றும் தன் அலகுகளையும் அவற்றின் சீராக்கிகளையும் தன்னுள்ளேயே பொருத்திக்கொள்கின்றது. ஓரினத்தில் நேர்ந்த மாற்றம் மற்றதன் பின்னணியிற் சோதிக்கப்பட்டதன்று. பேற்சன் 1909 இலும், பின்னர் தொப்சான்ஸ்கி, முல்லர் ஆகியோரும் உரைத்த விளக்கம் இதுவே.

அத்துணைத் தீய அலகை இயற்கை களையாது விட்டதேன்? கோர்ட்டேசி என்னும் உறவினத்தில், சில இடங்களின் பெண்மீன்கள் வாலிற் கரும்புள்ளி உடைய ஆண்களையே விரும்பின என்று 2008 இல் அறிவிக்கப்பட்டது. அழகே அதனைக் காத்தது போலும்!

தொட்டியில் மாத்திரமே இது நிகழும் என நெடுங்காலம் எண்ணுதல் இயல்பாயிருந்தது. ஆயின், மெக்சிக்கோவின் கிழக்கு மலையோடைகளிற் பேர்ச்மன்னி, மலின்சே என்னும் இரு வாள்வால் இனங்கள் தாமாகவே கலந்து வாழ்கின்றன. அக்கலப்பின மீன்களின் வாலிலும் மெலனோமா தோன்றுகின்றது. பேர்ச்மன்னியின் எக்ஸ்எம்ஆர்கேயும் மலின்சேயின் சீடி97 என்னும் வேறோர் அலகும் ஒருடலிற் சேரும்போதே அபாயம் மிகுகின்றதென 2020 இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே எக்ஸ்எம்ஆர்கேயோடு முரண்படும் அலகு, பிளாட்டியின் அடக்கும் அலகன்று, முற்றிலும் வேறொன்று.