கார்டும் நம்ம சுருக்குப் பைதான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



நம்ம குழுக்களில் சென்னைக்குப் போய் வருபவர்கள் இப்போது அதிகம். விற்பனைக் கண்காட்சி என்றால் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகம். உடம்புக்கு முடியவில்லை என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. ஆனால் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனதும் ஓரமா நின்னுடறோம். “மகன் வரட்டும், அவனுக்குத்தான் தெரியும்” என்கிறோம். இது நமக்கும் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தாங்க.

அங்கே எல்லோரும் தட்டுற கார்டுக்கு ‘சிங்காரச் சென்னை அட்டை’ என்று பெயர். 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் சென்னை மாநகரப் பேருந்துக்கும் வந்தது. இது நம்ம சுருக்குப் பை மாதிரி. முதலில் பணம் போட்டு வைக்கணும். போகப் போகக் குறையும். மெட்ரோ ஸ்டேஷன் கவுண்டரிலேயே பணம் ஏற்றலாம்.

மெட்ரோவில் உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை தட்டணும். அப்போதுதான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்காகும். ஒருவருக்கு ஒரு கார்டு. அக்கா தட்டின கார்டில் தங்கச்சி பின்னாலேயே போக முடியாது. கார்டில் போனால் 20 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. 40 ரூபாய் கட்டணம் 32 ரூபாய் ஆகும்.

பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லி, கண்டக்டர் மெஷினில் தட்டணும். டிக்கெட்டை வாங்கி, தொகை சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதில் கார்டு வேண்டாம், கட்டணமில்லா டிக்கெட் வாங்கினால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. தட்டும்போது பின் நம்பர் கேட்காது. அதனால் கார்டு தொலைந்தால் எடுத்தவர் கையில் நம்ம பணம். 2,000 ரூபாய் வரை ஏற்றலாம் என்றாலும், அந்தப் பயணத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள். அடுத்தது, “கார்டு முடங்கிடுச்சு, ஓ.டி.பி. சொல்லுங்க” என்று யார் போன் செய்தாலும் சொல்லாதீர்கள்.

கார்டு வாங்கும்போது செல் நம்பர் கேட்பாங்க. வீட்டுக்காரர் நம்பர் வேண்டாம், உங்க நம்பரையே கொடுங்க. பாஸ்புக்கை நாமே வாங்கி, நாமே வரவு பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். இதையும் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்து சென்னை போகும் உறுப்பினர், தான் போய் வந்த விதத்தைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் சொல்லட்டும். ஊக்குநர்கள் இதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.