கொட்டானுக்குள் தேங்காய் நுழையவில்லை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னைத் "தொழில் வளர்ச்சி" பற்றிப் பேசச் சொன்னாங்க. பெரிசா எனக்குப் பேச வராது. ஒரு போட்டோக்காரரிடம் நாங்கள் பட்ட பாட்டை, சரியாச் சொன்னா அவர் எங்ககிட்ட பட்ட பாட்டைச் சொல்றேன்.

எங்கள் குழு பனை ஓலைக் கொட்டான் முடைகிறது. செட்டிநாட்டுப் பக்கம் கொட்டான் இல்லாமல் சீர் கிடையாது. இப்போ கல்யாண வீட்டில் தாம்பூலப் பைக்குப் பதிலாகவும் கேட்கிறார்கள். கண்காட்சி வந்தால்தான் விற்பனை என்றிருந்தோம். நல்ல படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வருஷம் பூரா ஆர்டர் வருமே என்று, கல்யாணம், காதுகுத்து எடுக்கிற ஒரு தம்பியை ₹3,000க்குப் பேசிக் கூப்பிட்டோம்.

அவர் சாயங்காலம் நாலு மணிக்கு வந்துட்டார். நாங்க விளிம்பு கத்தரித்து முடிக்க ஆறு மணி ஆச்சு. இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார வச்சு டீ கொடுத்தோம். மன்னிப்பு கேட்கலை. பிறகு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தார். படம் அழகாத்தான் இருந்தது.

அதைப் பார்த்து மதுரையில் ஒரு கல்யாண வீட்டார் 150 கொட்டான் கேட்டார்கள். ஒன்று ₹70. குழுவில் உள்கடன் எடுத்து ஓலையும் சாயமும் வாங்கினோம். ராத்திரி பகலா முடைந்தோம். அனுப்பினால், அந்த வீட்டு அம்மா போனில் சொன்னாங்க: "படத்துல மிளகாய்ச் சிவப்பா இருந்துச்சு. வந்தது ராணி கலர். அதோட, உள்ள தேங்காய் நுழையலையேம்மா!"

கிட்டத்தில் வைத்து எடுத்ததால் படத்தில் கொட்டான் பெரிசாத் தெரிஞ்சிருக்கு. அளவையும் நாங்கள் எழுதவில்லை. அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் எல்லாரும் போட்டோக்காரரைத் திட்டினார்கள். ஒரு அக்கா மட்டும் பேசவில்லை. அவங்க தனியா நாற்பது முடைந்தவங்க. ஓலை கீறின விரலைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

நாலு பேராய்ச் சண்டைக்குப் போனோம். அந்தத் தம்பி சத்தம் போடவில்லை. போனை எடுத்து, நான் அனுப்பின செய்தியைக் காட்டினார். "தம்பி நாளைக்கு வாங்க, எல்லாம் அழகா எடுத்துக் குடுங்க." அவ்வளவுதான் இருந்தது.

"அக்கா, கல்யாணத்துல யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளைன்னு எனக்குத் தெரியும். உங்க பெட்டியில எது முக்கியம்னு நீங்க சொன்னாத்தானே தெரியும்?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. ஆனா அவர் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். எதுக்குப் படம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டாவது தடவையும் அவரையே கூப்பிட்டோம். "மறுபடியுமா?" என்று குழுவில் பாதிப் பேர் முறைத்தார்கள். இந்தத் தடவை படம் எடுப்பதற்கு முந்தின வாரமே உட்கார்ந்து பேசினோம். வாங்குகிறவர் யார், படம் எங்கே போகப் போகுது, எது கண்டிப்பாத் தெரியணும் என்று ஒரு தாளில் எழுதினோம். கொட்டானுக்குள் தேங்காய், வெற்றிலை வைத்து ஒரு படம் வேண்டும் என்றோம். அப்போ யாருக்கும் அளவு புரியும். அவர் தன் பங்குக்கு, "காலையில எடுப்போம், முற்றத்துல வெயில் நேரா விழறதுக்கு முன்னாடி. நிறம் உள்ளபடி வரும்" என்றார். நிறத்துக்கு ஒரு கொட்டானையே அவரிடம் கொடுத்தனுப்பினோம், கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரி பண்ண. முழுசா அனுப்புவதற்கு முன்னால் இரண்டு படம் காட்டணும், பிடிக்கலைன்னா இன்னதுதான் பிடிக்கலைன்னு நாங்க சொல்லணும் என்றும் பேசிக்கொண்டோம். "என்னமோ மாதிரி இருக்கு"ன்னா அவர் என்ன செய்வார் பாவம்.

காசு விஷயமும் அதே தாளில்தான். எத்தனை படம், என்னைக்குக் கிடைக்கும், முன்பணம் எவ்வளவு, மீதி எப்போ என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்க. இன்னொன்று, 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை நாமதான் முதல் உரிமையாளர். அவர் தன் பக்கத்தில் போட்டுக்கலாமா என்று கேட்டார். கொட்டான் படங்களுக்குச் சரி என்றோம்.

ஆள் படத்துக்கு இல்லை. எங்களில் ஒரு தங்கச்சி முகம் வெளியே தெரிய வேண்டாம் என்றாள். காரணம் கேட்கவில்லை. தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். அவள் கை மட்டும் முடைகிற மாதிரி எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இப்போ அதிகம் பேர் விசாரிக்கிறாங்க.

திரும்பி வந்த 150இல் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, அந்த அக்காவுக்குக் கூலியைக் கொடுத்து முடிக்க ஐந்து மாசம் ஆச்சு. இன்னும் முப்பது இருக்கு. வெளியே தாழ்வாரத்தில் வச்சிருக்கேன். ராணி கலர்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. தேங்காய் நுழையாது. பூ வைக்கலாம்.