எக்ஸ்ரே நார்மல், ஆனால் கை வலிக்கிறது

மழை பிடித்துவிட்டால் எங்கள் எலும்பு சிகிச்சைப் பிரிவில் கூட்டம் சேர்ந்துவிடும். பாசி பிடித்த படியில் கால் வழுக்கும், கை தானாகத் தரையில் ஊன்றும், உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும்.

வயதானவர்களுக்குப் பெரும்பாலும் முன்கை எலும்பு முறியும். கை கோணிக்கொள்வதால் பார்த்தாலே தெரியும். எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டு முன்பே, 1814-இல், டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் அதை விவரித்துவிட்டார். அதை விடுங்கள். என் கவலையெல்லாம் ஸ்கேபாய்ட் மேல்தான். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்று. முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும்.

கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்துங்கள். அடுப்படியில் இருப்பவர்கள் கரண்டியை வைத்துவிட்டே செய்யலாம்! விரலின் அடியில் இரண்டு தசைநாண்கள் விடைத்து நிற்கும். நடுவே ஒரு குழி. அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம். விழுந்தபின் அங்கே அழுத்தினால் உயிர் போகிறதா? படம் என்ன சொன்னாலும் முறிவு என்றே வைத்துக்கொண்டு, கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் கட்டுப் போடுவோம். மயிரிழைக் கீறல் முதல் நாள் படத்தில் விழாமல் போகலாம். பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எடுத்தால் தெரியக்கூடும். எம்.ஆர்.ஐ. அவ்வளவு நாள் காக்க வைக்காது, செலவுதான் கூடுதல்.

என்னிடம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார், பந்து வீசுகிறவர். விழுந்த அன்று வேறோர் இடத்தில் படம் எடுத்து, "வெறும் சுளுக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எண்ணெய் போட்டு நீவினார்கள். மாதங்கள் கழித்து, வாளி தூக்க முடியவில்லை என்று வந்தபோது எலும்பு இரண்டு துண்டாக இருந்தது. ஸ்கேபாய்டுக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து நுனியில் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் பின்துண்டு பட்டினிதான். இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்து, திருகாணி போட்டுத்தான் சேர்த்தோம்.

நாட்டு வைத்திய முறையில் புத்தூர்க் கட்டு போடலாமா, டாக்டர் என்று கேட்பீர்கள். எந்தக் கட்டானாலும் படம் பார்க்காமல் வேண்டாம். கட்டிய பின் விரல் மரத்தால், நீலம் பாய்ந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நேரம் முடிகிறது. விழுந்தால் வீக்கம் ஏறுமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள், நீவாதீர்கள். படம் நார்மல் என்றாலும் பத்து நாள் கழித்து அந்தக் குழியில் வலி இருந்தால், திரும்பப் போய் இரண்டாவது படம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.