படுக்கையிலிருந்து எழுதப்பட்ட கப்பற்படை
(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு ஒரு ஆளப் பத்திப் பேசலாம்னு வந்தேன். பிராங்க் வீட். அமெரிக்கக் கப்பற்படை அதிகாரி, விமானி. 1923இல் இங்கிலாந்தில் நடந்த கடல்விமானப் பந்தயத்தில் ஷ்னைடர் கோப்பையை ஜெயித்த அமெரிக்க அணிக்கு இவர்தான் தலைவர். வானத்துல எத்தனையோ ஆபத்தைத் தாண்டின மனுசன், 1926இல் சொந்த வீட்டு மாடிப்படியில் தவறி விழுந்தார். கழுத்து முறிந்து உடம்பு முடங்கிப் போனது.

அப்புறம்தான் பேனாவை எடுத்தார். 1931இல் ‘ஹெல் டைவர்ஸ்’. 1938இல் ‘டெஸ்ட் பைலட்’, ‘தி சிட்டாடல்’ இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை. 1945இல் ‘தே வேர் எக்ஸ்பெண்டபிள்’. 1947இல் இறந்தார். பத்து வருசம் கழிச்சு ஜான் ஃபோர்டு இவர் வாழ்க்கையையே படமாக்கினார். ஜான் வெய்ன் நடித்த ‘தி விங்ஸ் ஆஃப் ஈகிள்ஸ்’. படுத்தபடுக்கையா கிடக்குறவரு கால்விரலை அசைக்கப் பாடுபடுற காட்சியில நான் அழுதுட்டேன். அதை மறைக்க விரும்பல.

அழுது முடிச்ச பிறகுதான் கேள்வி வந்தது. இவர் நேசிச்ச அந்தக் கப்பற்படையில கறுப்பர்கள் எங்கே?

1919 முதல் 1932 வரை அவர்களைப் புதிதாகச் சேர்ப்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுபடி சேர்த்தபோதும் அதிகாரிகளுக்குச் சோறு பரிமாற, படுக்கை விரிக்க, பூட்சு துடைக்க. 1942 வரைக்கும் இதே கதைதான். விமானி ஆவதெங்கே?

1941 டிசம்பர் 7. பேர்ள் ஹார்பர். டோரிஸ் மில்லர் என்ற பரிமாறும் பணியாளர், தனக்குப் பயிற்சியே தராத விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். காயம்பட்டவர்களைத் தூக்கிக் காப்பாற்றினார். 1942இல் ‘நேவி கிராஸ்’ பதக்கம் குத்தினார்கள். ஆனா வேலை? சமையற்கட்டுதான். 1943இல் கப்பல் மூழ்கிச் செத்தபோதும் அவர் சமையல்காரர்.

வீட் பொய் எழுதினார்னு நான் சொல்லல. தான் வாழ்ந்ததை எழுதினார். முடங்கின உடம்போட எழுதினார், அதுக்குத் தலைவணங்குறேன். ஆனா அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் தட்டு வைக்கிற கைதான் தெரியும், முகம் தெரியாது. அவர் விழுந்தபோது தூக்கிவிட ஒரு படையும் ஒரு ஸ்டூடியோவும் இருந்தது. மில்லருக்குப் பேனாவைக் கொடுத்தது யார்?

அந்தக் கை எழுதியிருந்தால் அதே கப்பல் வேறு கப்பலாக இருந்திருக்கும். அதை வேறொருவர் எழுதித் தருவார்னு காத்திருக்க வேண்டாம்.